மந்திரி மேஜைக்கு மூன்று பலகை

“மேஜையில வைக்க ஒரு வாசகம் வேணும்டா,” என்றார் மந்திரி.

“எதுக்கு?” என்றார் சாமி.

“எல்லா மந்திரியும் வெச்சிருக்காங்க.”

சாமி பந்தலுக்குக் கீழே நின்று புடலங்காய் நுனியில் கல் கட்டிக்கொண்டிருந்தார். கட்டாமல் விட்டால் பிஞ்சு சுருண்டுகொள்ளும்.

“எனக்கு முன்னாடி இருந்தவர் என்ன வெச்சிருந்தார் தெரியுமா? ‘நான் உங்கள் வேலைக்காரன்’. இத்தாம் பெரிய எழுத்து. அதுக்குப் பின்னாடி மறைஞ்சுதான் மத்தியானம் தூங்குவாராம்.”

“நல்ல உபயோகம்.”

“கிண்டல் பண்ணாதடா. எனக்குப் பயமா இருக்கு.”

சாமி திரும்பிப் பார்த்தார்.

“நாற்காலி பெரிசுடா. உக்காந்தா கால் தரையில படல. நேத்து ஒரு ஜோக் சொன்னேன். பத்து ஆபீசரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. நம்ம கிளாசுல என் ஜோக்குக்கு ஒருத்தனாவது சிரிச்சிருக்கானா? நான் வேற ஆளா மாறிடுவேனோன்னு இருக்கு. மாறாம இருக்க நாலு வார்த்தை எழுதிக் குடு.”

இப்படிக் கேட்கிற மந்திரியை நான் கேள்விப்பட்டதில்லை. நீங்களும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அதனால்தான் சொல்கிறேன்.

இரண்டு பேருக்கும் வயது ஐம்பத்தெட்டு. இரண்டு பேரும் ஒரே பெஞ்சு. ஒருவர் குழந்தைவேலு, சித்திரை மாதம் கிராமச் சாலை மந்திரியானார். மற்றவர் பொன்னுரங்கம், வெள்ளோடைக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டு புடலங்காய் வளர்த்தார். அதிகம் பேச மாட்டார். அதிகம் பேசாதவரை நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? ஓடைச்சாமி என்று பெயர் வைத்துக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். அதையும் அடக்கம் என்றார்கள். விட்டுவிட்டார்.

ஆட்கள் முன்னால் மந்திரியும் அவரை சாமி என்பார். தனியாக இருந்தால் டேய்தான்.

“பாலம்?” என்றார் சாமி.

“வரும்டா. எஸ்தர் டீச்சர் மனு குடுத்திருக்காங்க. என் மேஜையிலதான் இருக்கு.”

வெள்ளோடை மேல் இருப்பதைப் பாலம் என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். இரண்டு பனைமரம், குறுக்கே வரிசையாக ஆணியடித்த பலகைகள். அந்தப் பக்கத்துப் புங்கமடை ஊர்ப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர் தினமும் அதில் நடந்துதான் இந்தக் கரைப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார்கள். மற்ற மாதங்களில் ஓடை முழங்கால் அளவு. ஐப்பசியில் கழுத்தளவு. போன ஐப்பசியில் ஒரு சின்னப் பெண் வழுக்கி விழுந்தாள். தலைமை ஆசிரியை எஸ்தர் டீச்சர் குதித்து, சடையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினார். பை போனது போனதுதான்.

சிமெண்ட் பாலத்துக்கு எல்லாம் தயார். மந்திரி ஒரு கையெழுத்துப் போட்டால் மறுநாள் வேலை ஆரம்பம்.

“ஐப்பசிக்கு முன்னாடி,” என்றார் சாமி.

“சத்தியமா.”

சாமி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் முழங்கால் வரை நனைந்து திரும்பினார். தோளில் ஒரு பலகை. இரண்டடி நீளம், ஒரு அடி அகலம். அதைத் துடைத்து, வெள்ளைப் பெயிண்டில் எழுதினார். பள்ளிக்கூட நாளிலேயே அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

*உனக்கு ஒன்றும் தெரியாது. முதலில் கேள்.*

மந்திரிக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதுதான்டா வேணும். இதேதான்.”

திரும்பிப் போகும்போது பாலத்தின் நடுவில் ஒரு இடைவெளி இருந்தது. மந்திரி பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு தாண்டினார். சாமி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்துடா.”

“பாக்குறேன், பாக்குறேன்,” என்றார் மந்திரி, வாசகத்தைப் பார்த்துக்கொண்டே.

●

ஆடி மாதம் திரும்ப வந்தார், பள்ளிக்கூடம் விடும் முன்பே பாலத்தைத் தாண்டி. சாமி குடிசையில் இல்லை.

மணி நாலு. மந்திரி கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தார். அவர் யாருக்காகவும் காத்திருந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. காலை ஆட்டிப் பார்த்தார். கொட்டாவி விட்டார். புடலங்காய்களை எண்ணினார்.

நாலரைக்கு சாமி வந்தார். வேட்டி நனைந்திருந்தது.

“எங்கடா போயிட்டே?”

“பாலத்துக்கு.”

“பாலத்துல என்ன வேலை?”

“நிக்கிறேன்.”

மந்திரிக்குப் புரியவில்லை. சாமிகள் சொல்வது புரியாமல் இருப்பது வழக்கம்தானே என்று விட்டுவிட்டார்.

“உன் வாசகத்தால மானம் போச்சுடா,” என்றார். “எதிர்ல வந்து உக்கார்றவன் எல்லாம் படிக்கிறான். படிச்சதும் முகம் சுண்டிப் போகுது. ஒரு ரிட்டையர்டு தாசில்தார் எந்திரிச்சு நின்னு கத்தினார். ‘முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் பண்ணவன்யா நான், எனக்கு ஒண்ணும் தெரியாதா?’ன்னு. சமாதானப்படுத்த ரெண்டு காபி ஆச்சு.”

“எஸ்தர் டீச்சர்?”

“வந்தாங்க. கண்ணாடியைப் போட்டுப் படிச்சாங்க. ‘ஆமாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது. எப்போ கையெழுத்துப் போடுவீங்கன்னுகூடத் தெரியல. அதான் கேக்க வந்தேன்’னாங்க.”

“நீ?”

“ஆடி மாசம் நல்ல காரியம் தொடங்க வேண்டாம்னு சபாரத்தினம் சொல்றார். ஆவணியில போட்டுடலாம்.”

சபாரத்தினம் மந்திரியின் பி.ஏ. நல்ல மனுஷன். எதையும் துடைத்து, மடித்து, ஓரம் நேராக்கி வைப்பார். அவரிடம் கொடுத்தால் வானவில்லைக்கூட நேராக்கிவிடுவார்.

“எதிர்ல உக்கார்றவங்க படிக்கிறாங்க,” என்றார் சாமி. “நீ?”

“நான் எதுக்கு? எனக்குத்தான் மனப்பாடமாச்சே.”

“உன் பக்கம் என்ன இருக்கு?”

“பலகையோட முதுகுதான். அதுல ஏதோ கிறுக்கல், அசிங்கமா இருக்குன்னு சபாரத்தினம் பச்சை வெல்வெட் ஒட்டிட்டார். பாக்க ஜோரா இருக்கு.”

சாமி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மூச்சு வாங்கும்வரை சிரித்தார்.

“என்னடா சிரிப்பு? வேற வாசகம் குடு. யாரும் கோபிக்காத மாதிரி.”

சாமி போனார். நனைந்து வந்தார். பலகை. பெயிண்ட்.

*சுருக்கமாகப் பேசு. அவர்களுக்கும் பசிக்கும்.*

“அடடா!” என்றார் மந்திரி. அவர் மேடையேறினால் ஒன்றே முக்கால் மணி நேரம். அது அவருக்கே தெரியும். “சரியா என் நோயைப் பிடிச்சிட்டே.”

போகும்போது இடைவெளி இரண்டு பலகை அளவு இருந்தது. சாமி தண்ணீரில் இறங்கி நின்று, கையைக் கொடுத்துத் தாண்டவைத்தார்.

“கனம் ஏறிட்டேடா வேலு.”

“உனக்கு என்ன தெரியும் என் கனம்?”

“நாலாம் வகுப்புல தண்ணியைக் கண்டா அழுவே. மூணு மழைக்காலம் உன்னை முதுகுல சுமந்தவன் நான்.”

மந்திரி பாதி பாலத்தில் நின்றார். திரும்பி சாமியைப் பார்த்தார். கரையில் கார் ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

●

இரண்டாவது வாசகம் பிரமாதமாக வேலை செய்தது. அதுவும் எதிரே பார்த்துத்தான் நின்றது. வந்தவர்கள் படித்தார்கள், மந்திரிக்குப் பசிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள், அரை நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டு ஓடினார்கள்.

எஸ்தர் டீச்சர் மூன்றாவது முறை வந்தார். படித்தார்.

“பாலம்,” என்றார். போய்விட்டார்.

“எவ்வளவு தெளிவாப் பேசறாங்க பாருங்க,” என்று மந்திரி சபாரத்தினத்திடம் பூரித்துப்போனார்.

“கையெழுத்துங்கய்யா?”

“போடலாம். பெரியவரைக் கூப்பிட்டு அடிக்கல் விழா வெச்சுப் போட்டா ஊருக்கே கௌரவம். தேதி கேட்டிருக்கேன்.”

பெரியவர் என்றால் முதல்வர். அவருடைய தேதிக்கு ஏற்கெனவே நூற்றெட்டு அடிக்கற்கள் காத்திருந்தன. ஆவணி போனது. ஃபேன் காற்றில் மனு படபடத்தது. சபாரத்தினம் இரண்டு பலகைகளையும் எடுத்து அதன் மேல் நிறுத்தினார். படபடப்பு நின்றது.

மந்திரியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்த ஆளைப் பிடிக்கும். நல்லதைப் பண்ணவேண்டும் என்றுதான் நினைத்தார். அதை அழகாகப் பண்ணவேண்டும் என்றும் நினைத்தார். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

மூன்றாவது வாசகத்துக்கு அவர் நேரில் போகவில்லை. நேரமில்லை. சபாரத்தினத்தை அனுப்பினார்.

சபாரத்தினம் பலகையோடு வந்தார். பேண்ட் தொடை வரை ஈரம். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் ஓரம் கசங்கியிருந்தது.

“அய்யா, பாலத்துல நடுவுல மூணு பலகை காணோங்க. சாமி தண்ணில நின்னு பிள்ளைங்களை ஒவ்வொண்ணாத் தோள்ல தூக்கி விடறார். காலையிலயும் தூக்கறாராம், சாயங்காலமும் தூக்கறாராம்.”

“பாத்தீங்களா?” என்று மேஜையைத் தட்டினார் மந்திரி. “பிள்ளைங்க நடக்கற பலகையைக்கூடத் திருடறானுங்க! நாடு எங்க போகுது? இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்க.”

இன்ஸ்பெக்டர் போனார். சாமியிடம் விசாரித்தார்.

“பலகையை எடுத்தது யாருன்னு தெரியுமா சாமி?”

“நான்தான்.”

இன்ஸ்பெக்டர் உடம்பு சிலிர்த்தார். தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். ‘திருடன் செய்த பாவத்தையும் தன் பாவமாக ஏற்கிறார் மகான்’ என்று ரிப்போர்ட் எழுதினார்.

மந்திரி அதைப் படித்துவிட்டு, “அவன் அப்பவே அப்படித்தான்,” என்றார். ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது பலகையில் இப்படி இருந்தது:

*உன் ஜோக்குக்கு எல்லாரும் சிரிக்கிறார்களா? அப்படியானால் நீ இன்னும் மந்திரிதான்.*

சபாரத்தினம் வெல்வெட் ஒட்டினார். எதிரே பார்த்து நிறுத்தினார்.

●

புரட்டாசி கடைசி. மேற்கே மேகம் கறுத்துவிட்டது.

மந்திரி ஓடைக்கரையில் காரை விட்டு இறங்கினார். முகம் ஜிவுஜிவு என்று இருந்தது. மூன்று பலகைகளையும் தானே தூக்கிக்கொண்டார். சபாரத்தினம் உதவிக்கு வந்தார்.

“தொடாதீங்க! நானே அவன் மூஞ்சில வீசிட்டு வரேன்.”

நடந்தது இதுதான். அன்று காலை மீட்டிங். எட்டு அதிகாரிகள். மந்திரி தன்னிடம் உள்ள ஜோக்குகளில் ஆகச்சிறந்ததைச் சொன்னார். எட்டுப் பேரும் வாயைத் திறந்தார்கள். எட்டுப் பேர் கண்ணும் பலகைக்குப் போனது. சிரித்தால் பலகை சொன்னபடி பதவிக்குச் சிரித்ததாக ஆகிவிடும். சிரிக்காவிட்டால் மந்திரி இல்லை என்று அர்த்தம். ஒருவர் இருமினார். ஒருவர் தண்ணீர் குடித்தார். ஒருவர் பாதிச் சிரிப்போடு அப்படியே நின்றுவிட்டார். ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

ஜோக் நன்றாகவே இல்லை என்று மந்திரிக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆறு மாதமாக யாரும் சொல்லவில்லை.

பாலத்தில் ஏறினார். மூன்று பலகையும் நெஞ்சுயரம். கீழே எதுவும் தெரியவில்லை. நேரே மட்டும் பார்த்துக்கொண்டு, “டேய் பொன்னுரங்கம்! வெளிய வாடா!” என்று கத்திக்கொண்டே நடந்தார்.

நடுப்பாலம் வந்தது. பாலம் வரவில்லை.

தொபுக்கடீர்.

முழங்கால் தண்ணீர்தான். இடுப்பு வரை உட்கார்ந்துவிட்டார். தலையில் பாசி. மூன்று பலகைகளும் சுற்றி மிதந்தன.

மணி நாலு. இந்தக் கரையில் பிள்ளைகள் வீட்டுக்குப் போக வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள், பக்கத்தில் எஸ்தர் டீச்சர். அந்தக் கரைக்குப் பக்கத்தில் சாமி, தோளில் ஒரு குட்டிப் பெண்ணோடு தண்ணீரில் நின்றார். யாரும் சிரிக்கவில்லை. மந்திரியல்லவா.

பிறகு சாமி தோளில் இருந்த குட்டி சிரித்தாள். அவ்வளவுதான், மற்ற நாற்பது பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

“சிரிங்க, சிரிங்க,” என்றார் மந்திரி. மிதந்து போன பலகையை எட்டிப் பிடித்தார்.

வெல்வெட் ஊறிக் கழன்று கையோடு வந்தது.

பலகையின் முதுகில் நாலு ஆணி ஓட்டை. நடுவில், காம்பஸ் முனையால் யாரோ பல நாள் கீறிய எழுத்து. கோணல் மாணல்.

*இது ஆடுது. பாத்துக் கால் வை.*

மந்திரி மேலே பாலத்தைப் பார்த்தார். இடைவெளியைப் பார்த்தார். மூன்று பலகை அகலம்.

இரண்டாவது பலகையைத் திருப்பினார். வெல்வெட்டைப் பிய்த்தார்.

*சின்னப் புள்ளை கையப் புடி.*

மூன்றாவது.

*மழ வந்தா இதுல வராத.*

“பெரிய பிள்ளைங்க எழுதினதுங்க,” என்றார் எஸ்தர் டீச்சர் கரையிலிருந்து. “எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிஞ்ச உடனே சின்னதுங்க முதல்ல படிக்கிறது இதைத்தான்.”

மந்திரி சாமியைப் பார்த்தார்.

“ஆடுற பலகையாப் பாத்துத்தான் எடுத்தேன்,” என்றார் சாமி. “நீ கேட்டே. என்கிட்ட வேற பலகை இல்ல.”

“ஆறு மாசம்டா. ஆறு மாசம் என் பக்கம் பாத்துக்கிட்டு நின்னுச்சு.”

சாமி குட்டியைக் கரையில் இறக்கிவிட்டு அடுத்த பிள்ளைக்கு வந்தார். இடது தோளைத் தூக்கமுடியாமல் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தார். மந்திரி அதை அப்போதுதான் கவனித்தார்.  தண்ணீரில் உட்கார்ந்தபடியே அழுதார். முகமெல்லாம் ஈரம் என்பதால் யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார். எல்லோருக்கும் தெரிந்தது.

எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பலகைகளைக் கரையில் வைத்துவிட்டு, வரிசையில் முதலில் நின்ற பையனுக்கு முன்னால் குனிந்தார்.

“ஏறுய்யா.”

பையன் எஸ்தர் டீச்சரைப் பார்த்தான்.

“ஏறு, ஏறு,” என்றார் டீச்சர். “அவருக்கும் பழகட்டும்.”

இருபது பிள்ளைகளை மந்திரி தூக்கினார். இருபது பிள்ளைகளை சாமி தூக்கினார். கடைசிப் பிள்ளையை இறக்கியபோது முதல் தூறல் விழுந்தது. பலகைகளை எடுக்க இரண்டு பேரும் இந்தக் கரைக்குத் திரும்பினார்கள்.

“சுத்தியல் இருக்காடா?” என்றார் மந்திரி.

“பந்தலுக்குக் கீழ இருக்கு. நாளைக்கு அடிக்கலாம். இது நாலு நாள் தாங்கும். ஐப்பசி தாங்காது.”

அந்த நேரம் பார்த்து சபாரத்தினம் காரிலிருந்து ஓடிவந்தார். ஒரு கையில் குடை, மறு கையில் ஒரு ஃபைலை மார்போடு அமுக்கிப் பிடித்திருந்தார்.

“மன்னிக்கணும் அய்யா. பலகையை எல்லாம் நீங்க எடுத்துட்டீங்களா, இது மேல வைக்க ஒண்ணுமில்ல. மேஜையை விட்டுப் பறந்துக்கிட்டே இருந்துச்சு. அதான் கையோட கொண்டாந்தேன்.”

“எந்த ஃபைலு?”

சபாரத்தினம் குனிந்து படித்தார். படித்ததும் தலை நிமிரவில்லை.

“பேனாவைக் குடுங்க,” என்றார் மந்திரி.

“அய்யா, விழா... பெரியவர் தேதி...”

“பேனா.”

சபாரத்தினம் குடை பிடித்தார். மேஜை இல்லை. காரின் மேல் தூறல். மண் ஈரம்.

சாமி மந்திரிக்கு முன்னால் வந்து, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் குனிந்த மாதிரியே.

சபாரத்தினம் அந்த முதுகின் மேல் தன் துண்டை நாலாக மடித்து, ஓரம் நேராக்கிப் போட்டார். மந்திரி அதன் மேல் ஃபைலை விரித்தார். பேனாவை வைத்தார். எழுத்து ஓடவில்லை. கோணலாகப் போனது.

“ஆடாம நில்லுடா,” என்றார்.

“நான் ஆடலடா வேலு,” என்றார் சாமி. “உன் கைதான் ஆடுது.”